கடலோரக் கொல்லையில் கிழக்கு வரிசைக்குப் புன்னை வைக்கலாமா?

தென்கடைமடை

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் கொல்லை. மணல் மேடு. கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது கிழக்கு வரிசைத் தென்னை மொத்தமும் போய்விட்டது. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சிலவற்றின் கொண்டை முறுக்கிப் பிய்ந்தது. அந்த இடம் இன்னும் வெட்டவெளிதான். உள்ளே வைத்த மாவும் எலுமிச்சையும் உப்புக்காற்றில் இலை ஓரம் கருகிப்போய் நிற்கின்றன.

பக்கத்து ஊர்க் குளக்கரையில் சில பழைய புன்னைகள் உண்டு. அதே புயலில் கிளைகளை இழந்தன, ஆனால் மரம் நின்றது. அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குக் கிழக்கு ஓரத்தில் புன்னைதான் வைக்கவேண்டும் என்று இருக்கிறது. எனக்கும் ஆசை. ஆனால் கேட்கிறவர்கள் எல்லாம் "அது வளராது, பயன் இல்லை" என்கிறார்கள். மரத்தின் குணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எப்படி வளர்ப்பது, வீட்டுக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தள்ளி வைப்பது? ஒரு நர்சரியில் புன்னை என்று கொடுத்த கன்றின் படத்தையும் போட்டிருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை

தம்பி, மரத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் கொல்லை என்பது குடும்பத்துக்குச் சோறு. சவுக்கு போட்டால் நாலைந்து வருஷத்தில் வெட்டிக் காசாக்கலாம். மணலில் வரும், காற்றையும் தடுக்கும். இல்லையென்றால் முந்திரி போடலாம். புன்னை காய்ப்புக்கு வரவே ஏழெட்டு வருஷம் ஆகும். அந்தக் காயை மனிதரும் தின்ன முடியாது, மாடும் தின்ன முடியாது. கோயிலில் வைக்கட்டும், குளக்கரையில் வைக்கட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கஜாவில் தென்னை வருமானம் போன குடும்பம் அதை வரிசையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலைநரம்பு

முதலில் அந்தப் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே காம்பில் ஐந்தும் ஏழுமாகச் சிற்றிலைகள் இருக்கின்றன. அது புன்னை இல்லை, புங்கை. பெயர் கிட்டக்கிட்ட இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. எண்ணெய்க் கடையிலும் இதே கதைதான். புங்கை, அவரை குடும்பத்து மரம். தட்டையான நெற்று வரும். அதுவும் நல்ல மரம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அது அல்ல.

புன்னையில் இலை ஒவ்வொன்றும் தனி இலை. கணுவில் எதிரெதிராக இரண்டு இருக்கும். தடிப்பாக, பளபளப்பாக, ஒரு சாண் வரை நீளமாக இருக்கும். ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓரம் வரை ஓடும். அந்த நரம்புகளின் இடைவெளியில் பால் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. காம்பைக் கிள்ளினால் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சள் சாயலோடு பால் கசியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் தரும். இந்த இரண்டையும் சோதித்தால் கன்றிலேயே தெரிந்துவிடும், பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், கேட்டால் நிறுத்தமாட்டேன். இன்னும் விவரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

தென்கடைமடை

டீச்சர், இலையைப் பார்த்துவிட்டேன். கூட்டிலைதான், பாலும் வரவில்லை. நல்லவேளை, குழி தோண்டுவதற்கு முன்பே கேட்டேன். அந்தக் கன்றுகளைத் தெரு ஓரத்தில் வைத்துவிடுகிறோம். தாராளமாக எழுதுங்கள், அப்பாவுக்குப் படித்துக்காட்டுகிறேன்.

இலைநரம்பு

அப்பாவுக்காகவே எழுதுகிறேன்.

புன்னையின் அறிவியல் பெயர் கலோஃபில்லம் இனோஃபில்லம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தது, இன்றுவரை அதுவே நிற்கிறது. பழைய பாடநூல்களில் இதை மங்குஸ்தானும் குடம்புளியும் இருக்கிற குளூசியேசி குடும்பத்தில் பார்த்திருப்பீர்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு 2009இல் வெளியான வகைப்பாட்டில் கலோஃபில்லேசி என்று தனிக்குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். நம் மலைப்பகுதிகளில் இருக்கும் நாகப்பூ மரமும் இதே குடும்பம்தான். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும்: வெள்ளை இதழ், நடுவே கொத்தாக மஞ்சள் மகரந்தத் தாள்கள்.

புன்னைப் பூவை நிதானமாகப் பார்க்கவேண்டும். இலைக் கக்கத்திலிருந்து சின்னக் கொத்தாக வரும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அல்லி இதழ் அல்ல. புல்லி நான்கு, அல்லி நான்கு, இரண்டுமே வெள்ளை. மகரந்தத் தாள்கள் எண்ண முடியாத அளவு இருக்கும், அடியில் நான்கு கட்டாகச் சேர்ந்திருக்கும். அவற்றின் நடுவே இளஞ்சிவப்பில் உருண்டையாகச் சூலகம், அதிலிருந்து ஒரே ஒரு நீண்ட சூல்தண்டு. மணம் இதமாக இருக்கும். தேனீ மகரந்தத்துக்காக மொய்க்கும்.

சூலகம் முற்றி உருண்டைப் பச்சைக் காயாகும். பழுத்தால் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பேறித் தோல் சுருங்கும். மேலே மெல்லிய சதை, உள்ளே கெட்டியான ஓடு, ஓட்டுக்கு உள்பக்கம் தக்கை, அதற்குள் ஒற்றைப் பருப்பு. அந்தத் தக்கைதான் இந்த மரத்தின் வரலாறு. காய் மிதக்கும். கடல் தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தாலும் பருப்பு கெடாமல் இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை ஒரே இனம் பரவியிருப்பதற்கு அதுதான் காரணம். தஹிதியில் இதைத் தமனு என்கிறார்கள், ஹவாயில் கமனி. தரையில் வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு விதையை வேறிடத்தில் போட்டுவிட்டுப் போகும்.

உங்கள் கொல்லைக்கு இது ஏன் பொருந்தும் என்றால், தடித்த மெழுகுப் பூச்சுள்ள இலை உப்புச் சாரலைத் தாங்கும். மணலிலும் நிற்கும். இந்த மரம் உருவான இடமே அப்படிப்பட்டது.

நாகைக்கரை

டீச்சர் சொன்ன மிதக்கும் காய் எங்கள் கரையில் தினமும் காணலாம். மழைக்காலம் முடிந்ததும் அலை ஒதுக்கும் குப்பையில் புன்னைக்காய் கிடக்கும். சின்ன வயதில் அதைத்தான் கோலியாக வைத்து விளையாடுவோம். முதிர்ந்த மரத்தைப் படகு கட்டும் வேலைக்கு எங்கள் பெரியவர்கள் எடுத்திருக்கிறார்கள். சிவப்பாக, உறுதியாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை ஐயா சவுக்கைச் சொன்னார். அதில் எனக்கு வேறு கருத்து. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் நிறைய சவுக்கு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடத்தில் அலை ஏறுகிற மேடு வரைக்கும் வைத்துவிட்டார்கள். பங்குனி ஆமை தை, மாசியில் ஏறி முட்டையிடுவது அந்தத் திறந்த மணலில்தான். அங்கே வேரும் சருகும் அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? மரம் இருந்தால் சுனாமியை நிறுத்திவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன், அன்றைக்கு வந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன் நான். காற்றுக்கும் மணலுக்கும் மரம் வேண்டும். அதை மணல்மேட்டுக்குப் பின்னால் வைக்கவேண்டும். புன்னையானாலும் அப்படித்தான்.

வெண்ணாற்றங்கரை

ஆமை விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. ஆனால் தம்பியின் கொல்லை பட்டா நிலம், அலைக்கரை இல்லையே. அங்கே சவுக்குக்கு என்ன தடை? வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் மரம் வேறு அது.

நாகைக்கரை

பட்டா நிலத்துக்கு நான் தடை சொல்லவில்லை ஐயா. ஆனால் கஜாவில் எங்கள் பக்கம் சவுக்குத் தோப்பே படுத்துக் கிடந்ததைப் பார்த்தோம். நெருக்கமாக நட்டு ஒல்லியாக உயர்ந்த மரம். வெட்டுகிற வயதுக்கு அது சரி, ஐம்பது வருஷம் காவல் நிற்க அது ஆளில்லை.

கொள்ளிடத்தான்

ஒரு சந்தேகம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு என்கிறோமே, அது இந்தப் புன்னையின் வகையா? அங்கிருந்து கன்று எடுத்து வரலாமா?

இலைநரம்பு

வேண்டாம். பிச்சாவரத்தில் அந்தப் பெயரில் சொல்வது அலையாத்திக் காட்டு மரங்களை. ஊன்று வேர்களோடு சேற்றில் நிற்பவை, குடும்பமே வேறு. தாவரவியலில் சுரபுன்னை என்று சொல்லப்படும் மரம் ஒன்று தனியாக மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் உண்டு, அது மட்டும் புன்னைக்கு உறவு. புன்னை கரைமரம், சேற்றில் மூழ்கி நிற்காது. மழைத் தண்ணீர் சில நாள் நின்றால் தாங்கும், மாதக்கணக்கில் நிற்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள். அப்புறம், அலையாத்திக் காட்டிலிருந்து எதையும் பிடுங்கிவரக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட காடு.

மேலச்சித்திரை

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். பெரிய கோயிலில் சந்திர புஷ்கரிணிக் கரையில் இருக்கும் புன்னைதான் எங்கள் தலமரம். அப்பர் முக்தியடைந்த திருப்புகலூரிலும் தலமரம் புன்னை. பெருமாள் கோயில் திருவிழாக்களில் புன்னைமர வாகனம் உண்டு, கண்ணன் கிளையில் உட்கார்ந்திருப்பான். கேள்வி என்னவென்றால், இது கடற்கரை மரம் என்று டீச்சர் எழுதுகிறார். ஸ்ரீரங்கமோ கடலிலிருந்து எவ்வளவோ தூரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவில் அது எப்படிச் செழித்து நிற்கிறது?

இலைநரம்பு

உப்பைத் தாங்கும் என்பதற்கு உப்பு வேண்டும் என்று பொருள் இல்லை. பனி உறைகிற குளிர்தான் புன்னைக்கு ஆகாது. நல்ல மண்ணும் இனிப்புத் தண்ணீரும் கிடைத்தால் இன்னும் நன்றாக வரும். ஆற்று வண்டலில் தானாக முளைத்த செடிகளோடு போட்டி போட இந்த மந்தமான மரத்தால் முடியாது. கரையில் அந்தப் போட்டி குறைவு, ஏனென்றால் மற்ற மரங்களை உப்பும் காற்றும் விலக்கிவிடும். உள்நாட்டில் யாராவது கன்றைக் காத்து வளர்க்கவேண்டும். கோயில்கள் அதைத்தான் செய்திருக்கின்றன. மனிதர் கைபட்டு ஆற்றோடு மேலே ஏறிய மரம் என்று நான் இதைப் பார்க்கிறேன்.

டெல்டாவுக்கும் தாவரவியலுக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லவேண்டும், இதைப் பலரும் அறிவதில்லை. லின்னேயஸிடம் நேரடியாகப் படித்த யோஹான் கெர்ஹார்டு கூனிக் 1768இல் தரங்கம்பாடி கிறித்தவ மிஷனுக்கு மருத்துவராக வந்தார். லின்னேயஸின் இரட்டைப் பெயர் முறையில் இந்தியச் செடிகளுக்குப் பெயர் கொடுக்கும் வேலை நம் கடற்கரையில்தான் முனைப்பாகத் தொடங்கியது. மிஷனில் இருந்தவர்கள் செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1776இல் வந்த ராட்லரும் அந்த வழியில் வந்தவர். அதற்கு முன்பே, மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்தூஸ் மலபாரிகஸில் புன்னைக்குப் படம் இருக்கிறது. கேரளத்துப் பெயரான பொன்ன என்பதையே தலைப்பாகப் போட்டிருக்கிறார்கள். அந்த இலை நரம்பை வரைந்தவர் கை எவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நம் காலத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) இருந்து கே. எம். மேத்யூ பாதிரியார் தமிழகச் சமவெளித் தாவரங்களை முழுதாகப் பதிவு செய்தார். மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். உலர்ந்த புன்னை இலையில் நரம்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

பம்புசெட்

திருத்துறைப்பூண்டியில் டீசல் எஞ்சின் வேலை பார்க்கிறேன். "பயன் இல்லை" என்று சொன்னதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

உலர்ந்த புன்னைப் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். எங்கள் பாட்டி காலம்வரை வீட்டிலும் கோயிலிலும் விளக்கு எரித்த எண்ணெய் அதுதான். மூட்டுவலிக்கு, சொறி சிரங்குக்கு மேல்பூச்சாகப் போடுவார்கள். பச்சைப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் வராது. ஓட்டை உடைத்து வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்தால் பருப்பு பழுப்பேறி, பிசுபிசுவென்று ஆகும். அப்போதுதான் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் கரும்பச்சையாக, கெட்டியாக, ஒரு தனி வாசனையோடு இருக்கும்.

நாகை மாவட்டக் கடலோரத்தில் விவசாயிகள் இதில் பம்புசெட் ஓட்டியிருக்கிறார்கள். ஓடும், அது உண்மை. ஆனால் நான் எஞ்சின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: டீசலைவிட ரொம்பக் கெட்டி, பிசினும் அமிலமும் அதிகம். அப்படியே தொடர்ந்து ஊற்றினால் நாசில் அடைக்கும், கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டும். பழைய, மெதுவாகச் சுற்றும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொஞ்சம் பொறுக்கும், அதிலும் டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன்பு மறுபடி டீசலுக்கு மாற்றவேண்டும். புது எஞ்சினில் கைவைக்காதீர்கள். முறையான பயோடீசல் ஆக்க வேண்டுமென்றால் அமிலம் அதிகம் என்பதால் இரண்டு கட்டமாகச் சுத்திகரிக்கவேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

வெண்ணாற்றங்கரை

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எரிபொருள் மரம் என்று சொல்லி முன்பு காட்டாமணக்கை விற்றார்கள். நட்டவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். புன்னைக்கும் அதே பேச்சு வரக்கூடாது.

பம்புசெட்

வரக்கூடாதுதான். எண்ணெயை நம்பி ஏக்கர் கணக்கில் யாரும் வைக்கவேண்டாம். காற்றுக்கு வைத்த மரம் காயும் தருகிறது, அந்தக் கணக்குதான் நிற்கும். பொறுக்கிக் காயவைத்து ஆட்டினால் வீட்டு விளக்குக்கும் மாட்டுப் புண்ணுக்கும் ஆகும். சமையலில் சேர்க்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டில் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

கொள்ளிடத்தான்

எய்ட்ஸுக்கே புன்னையில் மருந்து இருக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

இலைநரம்பு

பாதி நிஜத்தை வைத்துக்கொண்டு சுற்றுகிறது. 1992இல் கலனோலைடு ஏ என்ற சேர்மத்தைக் கண்டறிந்தார்கள். போர்னியோவின் சரவாக் பகுதியில் வளரும் கலோஃபில்லம் லானிஜெரம் என்ற இன்னொரு இனத்திலிருந்து வந்தது அது. ஆய்வுக்கூடத்தில் எச்ஐவி பெருகுவதைத் தடுத்தது. மறுபடி மாதிரி எடுக்கப் போனபோது முதலில் இலை எடுத்த மரமே வெட்டப்பட்டிருந்தது. நம் புன்னையிலும் இனோஃபில்லம் என்ற பெயரில் அதே வகைச் சேர்மங்கள் கிடைத்தன. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது, இவற்றில் எதுவும் இன்று சிகிச்சையில் இல்லை. யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் புன்னைப் பட்டையைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. அந்தச் செய்தி உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கேயே இதையும் அனுப்பிவிடுங்கள்.

நாற்றங்கால்

மயிலாடுதுறைப் பக்கம் நாட்டு மரக் கன்றுகள் போடுகிறேன். இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன், வளர்ப்பு பற்றி யாரும் எழுதவில்லை.

விதை புதிதாக இருக்கவேண்டும். புன்னை விதை காய்ந்தால் செத்துவிடும், அரிசி மாதிரி மூட்டை கட்டி அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. மரத்தடியில் தானாக விழுந்த, தோல் சுருங்கத் தொடங்கிய காயாகப் பொறுக்குங்கள். சதையைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வழக்கம் இங்கே உதவாது, டீச்சர் சொன்ன தக்கையால் நல்ல காயும் மிதக்கும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், பருப்பு உள்ளே உருண்டு கடகடவென்றால் அது காய்ந்தது.

அப்புறம் ஓடு. அப்படியே விதைத்தால் முளைக்கச் சராசரியாக எட்டு வாரம். ஓட்டில் விரிசல் விட்டால் ஐந்து வாரம். முழுதும் நீக்கிப் பருப்பை மட்டும் போட்டால் மூன்று வாரம். நான் நடுவழியைத்தான் எடுப்பேன். முழுதும் நீக்கும்போது சுத்தியல் பட்டுப் பருப்பு நசுங்குகிறது, நசுங்கியதில் பூஞ்சை பிடிக்கிறது. கல்லில் நிறுத்தி வைத்து, தையல் மாதிரி தெரியும் கோட்டில் லேசாகத் தட்டினால் விரிசல் விடும். ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் ஓர் அங்குல ஆழம், அரை நிழல், ஈரம் காயாமல் தண்ணீர். இது வேரை ஆழமாக விடும் செடி. பையில் ரொம்ப நாள் வைத்தால் ஆணிவேர் சுருண்டுவிடும், பிற்காலத்தில் காற்றுக்கு நிற்காது. உயரமான பை வாங்குங்கள், முழங்கால் உயரம் வந்ததும் மண்ணில் வையுங்கள்.

நற்றிணையின் 172ஆம் பாட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோழிகளோடு விளையாடும்போது புன்னை விதையை "வெண்மணல் அழுத்தி" மறந்துவிட்டுப் போகிறார்கள். அது முளைத்தபின் நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். இந்தப் புன்னை உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை என்று அம்மா சொல்லியிருப்பதால், அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கம் வருகிறது. மறந்துபோகும் அளவுக்கு நாள் ஆகும் விதை இது என்பதைப் பாடியவர் கரையில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஓடு உடைக்காத விதையை மணலில் அழுத்தினால் நடப்பது அப்படியே அதுதான்.

மேலச்சித்திரை

எத்தனையோ முறை படித்த பாட்டு. விதையின் பக்கமிருந்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனசு நிறைந்தது.

தென்கடைமடை

அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக்காட்டினேன். பாட்டை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். இடைவெளி பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். வெண்ணாற்றங்கரை ஐயா சொன்ன வருமானக் கேள்வியையும் நான் தள்ளிவிடவில்லை, வீட்டில் அதே பேச்சுதான் நடக்கிறது.

நாற்றங்கால்

நிழலுக்கு ஒற்றை மரமாக வைத்தால் 20 அடியாவது விடவேண்டும், தலை அகலமாக விரியும். காற்றுத் தடுப்புக்கு என்றால் வரிசையில் 12 அடிக்கு ஒன்று போதும், கிளைகள் ஒன்றோடொன்று சேரவேண்டும். கீழ்க்கிளைகளைக் கழிக்காதீர்கள். கழித்துவிட்டால் காற்று அடியில் புகுந்து உள்ளே வரும். வீட்டிலிருந்து 25 அடி, கிணற்றிலிருந்தும் அதே அளவு தள்ளுங்கள். இலை தடிப்பு, சீக்கிரம் மக்காது, கிணற்றில் விழுந்தால் அள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். முக்கியமான ஒன்று: தீ ஆகாது. வேலி ஓரத்தில் சருகு கொளுத்தும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் நிறுத்திவிடுங்கள், பட்டை வெந்தால் மரம் மீள்வது கஷ்டம்.

வெண்ணாற்றங்கரை

தம்பி, அப்பாவை என் வணக்கத்தோடு விசாரித்தேன் என்று சொல்லு. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள். கிழக்கு ஓரத்தில் இரண்டு வரிசை சவுக்கு போடு. அதற்கு மேற்கே 12 அடி விட்டுப் புன்னை வரிசை. சவுக்கு ஒரே வருஷத்தில் ஆளுயரம் தாண்டிவிடும், உப்புக்காற்றை அது வாங்கிக்கொள்ளும், புன்னைக் கன்று அதன் மறைவில் வேர் பிடிக்கும். நாலைந்து வருஷத்தில் சவுக்கை வெட்டி விற்றுக்கொள். அதற்குள் புன்னை தன்னால் நிற்கிற அளவுக்கு வந்திருக்கும். கையில் காசும் வரும், அப்பாவின் மரமும் நிற்கும்.

இலைநரம்பு

ஐயா, இது நல்ல யோசனை. இளம் புன்னை அரை நிழலைத் தாங்கும், அதனால் பொருந்தும். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சவுக்குச் சருகு கன்றின் அடியில் மெத்தையாகக் குவியாமல் வருஷம் ஒருமுறை வாரவேண்டும், தீப்பிடிப்பதும் அதில்தான். இரண்டு வரிசையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். முதலில் உள் வரிசை, அடுத்த வருஷம் வெளி வரிசை. புன்னை காற்றுக்குப் பழக அந்த ஒரு வருஷம் வேண்டும்.

நாகைக்கரை

எனக்கும் சம்மதம். வெட்டின பிறகு அந்த இடத்தில் மறுபடி சவுக்கு வைக்காமல் பூவரசு வையுங்கள். அதுவும் உப்புக்கு அஞ்சாது, போத்து (கிளைத் துண்டு) நட்டாலே வரும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

தென்கடைமடை

இப்படியே செய்கிறோம். ஐயாவின் யோசனையைக் கேட்டதும் அம்மாவும் ஒத்துக்கொண்டுவிட்டார். புரட்டாசி மழைக்கு முன் சவுக்கு, கன்று தயாரானதும் புன்னை. விதைக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துக் குளக்கரை மரங்களில் இப்போது காய் பச்சையாகத்தான் இருக்கிறது.

நாற்றங்கால்

என்னிடம் இந்த வாரம் பொறுக்கியது ஒரு சாக்கு இருக்கிறது. வெவ்வேறு இடத்து மரங்களிலிருந்து எடுத்தது, அதனால் எல்லாம் ஒரே தாய் மரத்துப் பிள்ளைகளாக இருக்காது. கூரியரில் போட்டால் பிளாஸ்டிக்கில் புழுங்கிக் கெட்டுவிடும். ஈரமான மரத்தூளில் வைத்துக் கோணிப்பையில் கட்டி, நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நாகைக்கரை தம்பி வாங்கி வைத்தால் நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாள் மட்டும் சொல்லுங்கள்.

நாகைக்கரை

வியாழன் காலை ஏலம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். கண்டக்டரிடம் "புன்னை விதை" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், புங்கை என்று படிக்காத மாதிரி கொட்டை எழுத்தில்.